உயிர் எழுப்பும் மேடுகள்

சென்னை மாநகரின் வடபால், எண்ணூர்க் கழிமுகத்தைக் கடந்தால் காட்டுப்பள்ளி என்னும் மணல்திட்டு தொடங்கும். அதன் கிழக்கே வங்கக் கடல். மேற்கே கொசத்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும். வடக்கே பழவேற்காட்டு ஏரி. அங்குச் செல்வோர் கண்ணில் முதற்கண் படுவன துறைமுகத்தின் பளுதூக்கிகளும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளுமே ஆகும். ஆயினும், நீர் வற்றும் வேளையில் கழியோரம் சென்று குனிந்து நோக்குவோர்க்கு வேறொரு தொழிற்சாலையும் புலப்படும். அதற்கு மதிலில்லை, வாயிற்காவலில்லை, சங்கொலியில்லை. கல்லிலும் பாலத்தூணிலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடக்கும் சிப்பிகளே அதன் தொழிலாளர்கள். சுண்ணாம்பே அவற்றின் சரக்கு. அவை கட்டும் கட்டடம் மேடு.

இச் சிப்பிக்கும் சென்னைக்கும் உள்ள உறவு ஊரளவில் நிற்பதன்று; பெயரளவிலும் உண்டு. 1916-ஆம் ஆண்டில் பிரெஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர் இந்த உப்பங்கழிச் சிப்பி இனத்திற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, அப்பெயரில் மதராசு என்னும் ஊரின் பெயரையே பொறித்துவைத்தார். ஊரின் பெயரைத் தாங்கிய அவ்வுயிரைப் பற்றி ஊரார் அறிந்தது என்ன? கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பாகும் என்பதை அறிவர். அச் சுண்ணாம்பால் சுவர் வெண்மையுறும் என்பதை அறிவர். அக் கிளிஞ்சல் எவ்வாறு குவிந்தது, எத்தனை காலத்தில் குவிந்தது, அதனை வாரி எடுத்தால் பின் விளைவது யாது என்பவற்றை அறிய முயன்றவர் சிலரே.

சிப்பியின் குஞ்சு பிறந்தவுடன் ஓரிடத்தில் தங்குவதில்லை. இரண்டு மூன்று வாரங்கள் நீரோட்டத்தோடு மிதந்து திரியும். பின்னர்க் கால்கொள்ள ஓர் உறுதியான இடம் தேடும். சேறு அதற்கு ஆகாது. புதைந்து மூச்சடைத்து இறக்கும். வெறும் மணலும் ஆகாது, அலை புரட்டிவிடும். அது பெரிதும் விரும்பும் இடம் தன் இனத்துச் சிப்பியின் ஓடே. உயிருள்ள சிப்பியானாலும் சரி, இறந்துபோன சிப்பியின் வெற்றோடானாலும் சரி, அதன்மேல் தன் உடலை ஒட்டிக்கொண்டு வாழத் தொடங்கும். ஒட்டியபின் சாகும்வரை இடம் பெயராது. மூதாதையர் ஓட்டின்மேல் மக்களும், மக்கள் ஓட்டின்மேல் பேரர்களும் குடியேறக் குடியேறத் திட்டு உயர்கிறது. ஆகவே சிப்பி மேட்டில் இறந்தவை குப்பையல்ல; அவையே அடித்தளம்.

இதனை ஒத்ததும் இதனினும் மிகப் பெரியதுமான ஒரு கட்டடம் கதிரவன் ஒளி சென்று எட்டாத ஆழ்கடலில் உண்டு. அதுவே குளிர்நீர்ப் பவள மேடு. சங்க நூல்கள் துகிர் என்று வழங்கும் பவளத்தைத் தமிழர் அணிகலனாகவே பெரிதும் அறிவர். பவளப் பாறை என்றவுடன் இராமேசுவரத்து வெதுவெதுப்பான, ஆழங்குறைந்த கடலும் நினைவிற்கு வரும். அங்குள்ள பாறைப் பவளங்கள் தம் உடலினுள் நுண்பாசியைத் தங்கவைத்து, அப்பாசி ஒளியால் ஆக்கும் உணவில் பங்குபெற்று வாழ்வன. குளிர்நீர்ப் பவளத்திற்கு அத்துணை இல்லை, ஒளியும் இல்லை. பெரும்பாலும் 200 மீட்டருக்கும் 1,000 மீட்டருக்கும் இடைப்பட்ட ஆழத்தில், ஏறத்தாழ 4 முதல் 12 பாகை வெப்பமுள்ள குளிர்ந்த நீரில் அது வாழ்கிறது. மேலிருந்து உதிரும் இரைத்துகளையும், ஓட்டத்தில் அடித்துவரும் நுண்ணுயிர்களையும் தன் சிறு கைகளால் பற்றி உண்கிறது. ஆண்டிற்குச் சில மில்லிமீட்டர் முதல் இரண்டரைச் சென்டிமீட்டர் வரையே வளர்கிறது. இத்துணை மெல்ல வளரும் உயிர் மலையொத்த மேட்டை எழுப்பியது எங்ஙனம்?

அயர்லாந்துக்குத் தென்மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் சேலஞ்சர் மேடு என்னும் ஒன்று உள்ளது. அதன் உயரம் ஏறத்தாழ 155 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப்போல் இரண்டு மடங்கினும் உயர்ந்தது அது. இத்தகைய மேடுகள் உருவான முறைபற்றி அறிஞரிடையே இரு கொள்கைகள் நிலவின. நிலத்தடியிலிருந்து கசியும் எரிவாயுவே முதலில் மேட்டைத் தோற்றுவித்தது என்றனர் ஒரு சாரார். நீரோட்டமும் வண்டலும் பவளமும் கூடியே மேடு எழுந்தது என்றனர் மற்றொரு சாரார். இருவரும் தத்தம் கொள்கையைப் பேசிக்கொண்டே இருந்திருந்தால் வழக்கு இன்றளவும் முடிந்திராது.

2005-ஆம் ஆண்டில் பல நாட்டு அறிஞர்கள் ஒரு துளைக் கப்பலில் சென்று அம்மேட்டை உச்சியிலிருந்து அடிவரை துளைத்தனர். துளையினின்று நீண்ட உருளை வடிவில் மண்ணும் பவளமும் கலந்த படிவங்களை எடுத்தனர். அடுக்கடுக்காகப் பிரித்து ஒவ்வோர் அடுக்கின் வயதையும் கணித்தனர். அடியில் எரிவாயு மேட்டைத் தோற்றுவித்தமைக்குச் சான்று கிட்டவில்லை. முதற் கொள்கை அம்மேட்டளவில் வீழ்ந்தது. மேட்டின் தொடக்கம் ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் என்றும், ஏறத்தாழ 17 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை அது விரைந்து வளர்ந்தது என்றும் புலனாயிற்று. அதன்பின் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுக்காலத்திற்கு உரிய படிவங்களையே காணவில்லை. மேடு அக்காலத்தில் வளரவில்லை, அல்லது வளர்ந்தது அரித்துப்போயிற்று. பின்னர் மீண்டும் மெல்ல வளரலாயிற்று. எழுதப்படாத ஒரு வரலாற்று நூலில் இடையிலே சில ஏடுகள் கிழிந்திருப்பதை அவ்வறிஞர் கண்டனர். கிழிந்த ஏடும் ஒரு செய்தி சொல்லும் என்பதே ஆராய்ச்சியின் சிறப்பு.

இந்த ஆராய்ச்சிகளால் மேடு எழும் முறை தெளிவாயிற்று. முதலில் பவளக்குஞ்சு பற்றிக்கொள்ளக் கல்லோ கிளிஞ்சலோ வேண்டும். அது கிளைத்துப் புதராகும்போது, அப்புதரினுள் ஓடும் நீரின் விரைவு குறைகிறது. விரைவு குறைந்த நீர் தான் சுமந்துவந்த வண்டலைக் கிளைகளின் இடையே போட்டுவிட்டுச் செல்கிறது. வண்டல் கிளைகளைத் தாங்கி நிறுத்துகிறது. கிளைகள் வண்டலைப் பிடித்து வைக்கின்றன. அடிக்கிளைகள் இறந்து புதைய, நுனிக்கிளைகள் மேலெழுகின்றன. பவளம் கம்பியாகவும் வண்டல் சாந்தாகவும் அமைந்து கட்டடம் உயர்கிறது. ஆயின், அளவு தவறினால் நன்மை தருவதே தீமை தரும். வண்டல் குறைந்தால் கிளைகள் தாங்குவாரின்றி நொறுங்கும். வண்டல் மிகுந்தால் உயிருள்ள நுனியும் மூடுண்டு மாயும். நீரோட்டம் நின்றால் இரை வாராது. உறுதியான கால்கோள், உணவு கொணரும் ஓட்டம், அளவறிந்த வண்டல், கரையாத அடித்தளம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தாலன்றி மேடு இல்லை. நான்கில் ஒன்று கெட்டாலும் தளர்ச்சி தொடங்கும்.

தளர்ச்சிக்குக் காரணம் எங்கும் ஒன்றே என்று கருதுதல் தவறு. அயர்லாந்தை ஒட்டிய மேடுகளில் பனியூழிக் காலங்களில் பவளம் அருகி, வெப்பக்காலம் திரும்பியபோது மீண்டும் தழைத்தது. நார்வே நாட்டுக் கரையில் பனிப்பாறை உருகி விலகிய பின்னரே, ஏறத்தாழக் கடந்த 10,000 ஆண்டுகளில், இன்றுள்ள பவளத்திட்டுகள் எழுந்தன. ஆனால் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் மௌரித்தேனியாவை அடுத்த மேடுகளோ பனிக்காலத்திலேயே செழித்தன. ஓரிடத்தில் தளர்ச்சி தந்த காலம் வேறோரிடத்தில் வளர்ச்சி தந்தது. எனவே, ஓரிடத்து முடிவை ஓரிடத்திற்கே உரியதாகக் கொண்டு, அந்தந்த இடத்தை அந்தந்த இடத்திலேயே ஆராய வேண்டும் என்னும் பாடமும் கிடைத்தது. எண்ணூர்க் கழியைப் பற்றி அட்லாண்டிக் ஏட்டைப் பார்த்துத் தீர்ப்புக் கூறவியலாது. ஆராயும் முறையைக் கற்கலாம். முடிவைக் கடன் வாங்கலாகாது.

இயற்கையால் வந்த தளர்ச்சி பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. மனிதனால் வரும் தளர்ச்சிக்கு ஒருநாள் போதும். கடலடியைத் தடவிச் செல்லும் கனத்த இழுவலை ஒருமுறை உருண்டால், நூற்றாண்டுகள் வளர்ந்த பவளப்புதர் பொடியாகும். நார்வே அறிஞர்கள் 2002-ஆம் ஆண்டில் தம் நாட்டுப் பவளத்திட்டுகளில் 30 முதல் 50 விழுக்காடு வரை இவ்வாறு ஊறுபட்டிருக்கலாம் என மதிப்பிட்டனர். அந்நாடு 1999-ஆம் ஆண்டிலேயே சூலாத் திட்டில் இழுவலையைத் தடைசெய்தது. ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே 1998-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட டார்வின் மேடுகளில் ஐந்தாண்டுக்குள்ளாகவே, 2003-ஆம் ஆண்டில், அத்தகைய தடை வந்தது. கண்டறிதலுக்கும் காத்தலுக்கும் இடையே ஐந்தாண்டு என்பது அரசுகளின் வழக்கமான நடையை நோக்க விரைவே ஆகும். ஆராய்ச்சியாளர் கண்டதை ஆள்வோர் செவிமடுத்தமையால் விளைந்த நன்மை அது.

இழுவலையைத் தடுக்க ஆணை போதும். ஆணைக்கு அடங்காத வேறொரு கேடும் வளர்ந்துவருகிறது. மனிதன் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் எழும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் உட்கொள்கிறது. அதனால் கடல்நீர் புளித்துவிடும் என்பதன்று. அதன் காரத்தன்மை குறைகிறது. குறையவே, சுண்ணாம்புக் கூடு கரையத் தொடங்குகிறது. உயிருள்ள பவளம் தன் சதையால் தன் கூட்டைப் போர்த்திக்கொண்டு ஓரளவு தப்பலாம். இறந்த கிளைக்குப் போர்வை ஏது? எடின்பரோப் பல்கலைக்கழக அறிஞர் உள்ளிட்ட குழுவினர் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய நீரில் இறந்த பவளக்கிளைகள் முதுமையில் நொய்ந்த எலும்புபோல் துளைபட்டு வலுவிழப்பதைக் காட்டினர். மேலே பவளம் பூத்து நிற்கும். பார்ப்பவர்க்குக் குறை தோன்றாது. கீழே தாங்கும் தூண் கரைந்துகொண்டிருக்கும். ஒருநாள் மேலுள்ளதும் சாயும். அழிவு என்பது சாய்ந்த நாளில் தொடங்குவதன்று. அடித்தளம் கரையத் தொடங்கிய நாளிலேயே தொடங்கிவிட்டது.

இவ்வுண்மையைக் காண அட்லாண்டிக் கடல்வரை செல்ல வேண்டுவதில்லை. மன்னார் வளைகுடாவே தமிழ்நாட்டின் பாடநூல். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகள் பவளப் பார்களால் தாங்கப்பட்டிருந்தன. அப்பார்களின் முருகைக்கல்லைச் சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்குமெனப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தனர். எடுத்தது கல் என்றே எடுத்தவர் எண்ணினர். அலையைத் தடுத்து நின்ற அரண் என்பதை எண்ணினாரில்லை. விளைவு, பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மறைந்தன. 1986-ஆம் ஆண்டில் அத்தீவுத்தொடர் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டில் பாறைப் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. அதன்பின்னும் 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல்வெப்பம் பவளங்களை வெளிறச் செய்தது. தேய்ந்துவந்த வான்தீவைக் காக்கச் செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. வெட்டி விற்றபோது மலிவாயிருந்த கல், மீண்டும் வைக்கும்போது எத்துணை விலையுயர்ந்ததாயிற்று!

இனி, காட்டுப்பள்ளிக்கே மீள்வோம். அங்குப் பவளம் இல்லை, சிப்பி உண்டு. ஆயினும் மேடு எழும் விதி ஒன்றே. மேலே கூறிய நான்கையும் இங்கும் வைத்து எண்ணுதல் தகும்.

முதலாவது கால்கோள். பழவேற்காட்டு ஏரிப் பகுதியில் மண்ணடியில் குவிந்து கிடந்த பழங்கிளிஞ்சல்களை அகழ்ந்து காளவாயில் சுட்டும் ஆலைகட்கு அனுப்பியும் வந்தனர். வெற்றோட்டை எடுத்தால் உயிருக்கு ஊறில்லை என்பது பொதுவான எண்ணம். அவ்வெற்றோடே வருங்காலச் சிப்பியின் தொட்டில் என்பதை முன்னர்க் கண்டோம். நீரில் கிடக்கும் ஓடுகளையெல்லாம் வாரிவிட்டால், மிதந்து வரும் குஞ்சு சேற்றில் விழுந்து மாயும்.

இரண்டாவது ஓட்டம். கழிமுகம் திறந்திருந்தால் கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து சிப்பிக்கு ஏற்ற உவர்ப்பு உண்டாகும். முகம் மணலால் அடைபட்டால் உவர்ப்பு மாறும். இரை வரவும் குறையும். சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1876-ஆம் ஆண்டில் தொடங்கியபின், வடக்கு நோக்கிக் கரையோரம் செல்லும் மணல் தெற்கே தேங்கி மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் அரிப்புண்டன. ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் மற்றோரிடத்தில் மணல் குறையும் என்பதனை இக்கரை ஒன்றரை நூற்றாண்டாக அறிந்தே வந்துள்ளது. அதன்பின் 2001-ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகமும், அடுத்த பத்தாண்டில் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இயங்கலாயின.

மூன்றாவது வண்டல். அனல்மின் நிலையத்திலிருந்து நீர்கலந்து குழாய்வழிச் செல்லும் நிலக்கரிச் சாம்பல், குழாய் கசிந்த இடங்களில் கழியில் படிந்து, ஆழமாயிருந்த நீரைச் சேற்றுத்தரை ஆக்கியது. சாம்பல் நுண்ணியது. அது சிப்பியின் மென்செவுளை அடைக்கும். குஞ்சு ஒட்டும் இடத்தையும் மூடும். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்சாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெயும் இக்கழியில் பரவிற்று. கரையோர மரங்களின் தண்டிலும் படகிலும் வலையிலும் அது கறுப்பாய்ப் படிந்ததை ஊரெல்லாம் கண்டது. நீருக்குள் ஒட்டிக்கிடந்து ஓட இயலாத சிப்பியின்மேல் படிந்ததைக் கண்டவர் யார்?

நான்காவது அடித்தளம். புகைபோக்கியினின்று எழும் கரியமிலவாயு எல்லை அறியாதது. இங்கு எரியும் கரியின் ஒரு பங்கு அங்கு அட்லாண்டிக் ஆழத்துப் பவளக்கிளையைக் கரைக்கிறது. எங்கோ எரியும் கரி இங்குள்ள சிப்பியோட்டை மெலிவிக்கும். ஆழ்கடல் மேட்டிற்கும் காட்டுப்பள்ளிக் கழிக்கும் இடையே உள்ள தொலைவு பல்லாயிரம் கல். உறவோ ஒரு மூச்சளவு.

இங்குச் சிலர் வினவுவர்: ‘கண்ணுக்குத் தெரியாத பவளத்தையும், காசுக்கு உதவாத சிப்பியையும் ஆராய்வதில் பயன் என்ன? மின்சாரம் இன்றி விளக்கு எரியுமா? துறைமுகம் இன்றி வாணிகம் நடக்குமா? வேலை இன்றி இளைஞர் பிழைப்பரா?’ இவ்வினாக்களை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. அனல்மின் நிலையத்தின் ஒளியில்தான் நகரத்துச் சிறுவர் இரவில் படிக்கின்றனர். காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டில் அமைந்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆற்றலுடன் கட்டப்பட்டது. துறைமுகங்களால் பல குடும்பங்கள் வாழ்கின்றன. இவற்றை மறுப்பவர் வாழ்க்கையை அறியாதவர்.

ஆயினும், மறுமொழியும் அவ்வினாக்களினுள்ளேயே இருக்கிறது. குடிநீர் நிலையம் உட்கொள்ளும் கடல்நீர் தூயதாய் இருத்தல் வேண்டும். சிப்பியோ ஒவ்வொன்றும் நாள்தோறும் பல லிட்டர் நீரைத் தன்னுள் ஈர்த்து, மிதக்கும் துகளைப் பிரித்து, தெளிந்த நீரை வெளிவிடும் இயல்புடையது. கூலி கேளாத சுத்திகரிப்பு நிலையம் அது. கழிமுகம் அடைபடாமல் திறந்திருந்தால்தான் கொசத்தலையாற்று வெள்ளம் கடல் சேரும். அடைபட்டால் வெள்ளம் தொழிற்சாலைகளின் வாயிலுக்கே திரும்பும். நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களும், கழியில் வலைவீசும் மீனவரும் செய்வதும் தொழிலே. ஒரு தொழிலைத் தோற்றுவிக்க மற்றொரு தொழிலை மாய்ப்பதை வளர்ச்சி என்று கணக்கெழுதினால், அக்கணக்கில் வரவு மட்டும் உண்டு, செலவுப் பக்கம் இல்லை. செலவு எழுதப்படாத கணக்கை எந்த வணிகனும் ஏற்கான்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறத்தாழ 6,000 ஏக்கர் அளவிற்கு விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது எழுந்த வாதங்களை நாடறியும். வேண்டும் என்றவர் சரக்கின் எடையைக் கூறினர். வேண்டா என்றவர் கரையின் அரிப்பைக் கூறினர். இரு தரப்பும் உரக்கப் பேசலாம். ஆயின் இத்தகைய வழக்குகளில் சான்றுரைக்க வேண்டியது கழியின் அடிமண்ணே ஆகும். சேலஞ்சர் மேட்டின் வழக்கைத் தீர்த்தது பேச்சன்று, துளைத்தெடுத்த மண்ணுருளை. அதுபோல் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அடிமண்ணை எடுத்து, கிளிஞ்சல் அடுக்குகளின் வயதைக் கணித்து, எப்போது தழைத்தன, எப்போது நலிந்தன, எவற்றால் நலிந்தன என்று முதலில் அறிய வேண்டும். கட்டியபின் ஆராய்வது நோயாளி இறந்தபின் நாடி பார்ப்பது போலாகும். ஆராய்ந்தபின் கட்டுவதே அறிவுடைமை.

மேலும், ஆராய்ச்சி என்பது அயல்நாட்டுக் கப்பலுக்கே உரியது என்று எண்ணுதல் வேண்டா. 1947-ஆம் ஆண்டில் மையக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய கோபிநாத பிள்ளை என்னும் அறிஞர், மன்னார் வளைகுடாப் பவளங்களை இனம்பிரித்து எழுதிவைத்தார். அவ்வாறு எழுதிவைத்தமையால் அன்றோ, பின்னர் எவை குறைந்தன என்று ஒப்பிட்டுக் கூற முடிந்தது! எழுதிவைக்கப்படாத செல்வம் திருடு போனாலும் போனதே தெரியாது. காட்டுப்பள்ளிச் சிப்பித்திட்டுகளுக்கும் அத்தகைய பதிவேடு வேண்டும். பதிவேடு எழுதும்போது கழியில் இறங்கி நிற்கும் மீனவரையும் இருளரையும் கேட்க வேண்டும். எவ்விடத்தில் காலில் ஓடு கிழிக்கும், எவ்விடத்தில் முழங்கால்வரை சேறு புதையும், எந்த ஆண்டில் அது மாறிற்று என்பதை அவர் கால்கள் அறியும். ஏடறிந்தவரும் நீரறிந்தவரும் கூடிச் செய்யும் ஆராய்ச்சியே நிறைவுடையது.

செய்யத்தக்கவை மூன்று. உயிருள்ள சிப்பித்திட்டு உள்ள இடத்தில் சாம்பலோ கழிவோ மண்ணோ கொட்டலாகாது. நீருள் கிடக்கும் வெற்றோடுகளை அடியோடு வாரலாகாது. வாரிய இடத்தில் கிளிஞ்சலையேனும் கல்லையேனும் இட்டுப் புதுக் குஞ்சுக்குக் கால்கோள் தர வேண்டும். கழிமுகத்தின் ஓட்டத்தை மாற்றும் எவ்வேலையும், மணல் செல்லும் வழியை ஆண்டுமுழுதும் அளந்தபின்னரே தொடங்க வேண்டும். இவற்றுள் எதுவும் விளக்கை அணைக்கச் சொல்வதன்று. துறைமுகத்தை மூடச் சொல்வதன்று. அளவறிந்து வாழச் சொல்வதே.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது தமிழர் பழமொழி. உயிர்மேல் உயிர் அமர்ந்தால் கடலடியில் மலையும் எழும் என்பதைப் பவளமும் சிப்பியும் காட்டுகின்றன. மேட்டின் உச்சியில் இருக்கும் சிற்றுயிர் தான் தனித்து உயர்ந்ததாகச் செருக்குற்றால் அது பேதைமை. அதனை உயர்த்தி நிற்பவை அடியிற் கிடக்கும் இறந்த ஓடுகள். மனிதர் வாழ்வும் அத்தகையதே. முன்னோர் விட்டுச்சென்ற ஆறும் கழியும் மணலும் நீருமே இன்றையோர் நிற்கும் அடித்தளம். அதனைக் கரைத்துவிட்டு உச்சியில் மாளிகை கட்டுவோர் நெடுநாள் நிலையார். காட்டுப்பள்ளிக் கழியில் மிதந்துவரும் ஒரு சிறு சிப்பிக்குஞ்சு நாளைக் கால்கொள்ள ஓரிடம் இருக்குமா என்னும் வினா, அக்கரையில் பிறக்கும் குழந்தைக்கு நாளைக் கால்கொள்ள ஓரிடம் இருக்குமா என்னும் வினாவே ஆகும்.